பிக்சல் எப்போதும் சதுரமா?

புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 9.8 மீட்டர்/விநாடி² என்று நீங்கள் படித்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அது 10.7 ஆக வந்தது. எப்படி என்று கேட்கிறீர்களா?

மத்திகிரியிலிருந்து வந்து படித்த மாணவிகள் இருவர், பந்து ஒன்று விழும் காட்சி பதிவான பழைய வி.சி.டி.யைக் கணிப்பொறியில் இட்டு, காட்சியைத் தனித்தனிப் படங்களாகச் சேமித்தனர். அதில் விநாடிக்கு 25 படங்கள். ஆகவே பத்துப் படங்கள் நகர்ந்தால் 0.4 விநாடி ஆகும். பந்தின் அருகே ஒரு மீட்டர் அளவுகோல் கிடைமட்டமாக வைக்கப்பட்டிருந்தது. படத்தில் அதன் நீளம் 220 பிக்சல். 0.4 விநாடியில் பந்து இறங்கியதோ 188 பிக்சல். எனவே விழுந்த தொலைவு 188 ÷ 220 = 0.855 மீட்டர். தொலைவின் இருமடங்கைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 1.71 ÷ 0.16 = 10.7!

"காற்றுத்தடையாக இருக்கும்" என்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

"காற்று தடுத்தால் விடை குறையத்தானே வேண்டும் சார்? கூடியல்லவா இருக்கிறது?" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதே சரி.

பிறகு பந்தையே பெரிதாக்கிப் பார்த்தோம். குறுக்கே 22 பிக்சல். உயரத்தில் 24 பிக்சல். உருண்டைப் பந்து முட்டையாகிவிட்டது! தவறு பந்தில் இல்லை. பிக்சல் சதுரம் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டதில்தான் இருந்தது.

புள்ளிக் கோலமும் பிக்சலும்

மார்கழியில் வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு புள்ளி, ஏழு வரிசை. புள்ளிகளுக்கிடையே உள்ள இடைவெளியும் வரிசைகளுக்கிடையே உள்ள இடைவெளியும் சமமாக இருந்தால் கோலம் சரியாக அமையும். வரிசைகளை மட்டும் நெருக்கி வைத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. ஆனால் கோலம் நசுங்கிவிடும்.

கணிப்பொறிப் படமும் அப்படியே. ஒவ்வொரு பிக்சலும் ஓர் இடத்தின் ஒளியையும் நிறத்தையும் குறிக்கும் எண்தான். எங்கள் படத்தில் குறுக்கே 352 பிக்சல், மேலிருந்து கீழே 288 வரிசைகள். அன்றைய தொலைக்காட்சித் திரையின் அகலமும் உயரமும் 4 : 3 என்ற விகிதத்தில் இருந்தன. 288 வரிசைக்கு இந்த விகிதப்படி 384 சதுரங்கள் வேண்டும். 384 சதுரங்களின் இடத்தை 352 பிக்சல்களே நிரப்புவதால், ஒவ்வொரு பிக்சலும் தன் உயரத்தைப்போல் 12/11 மடங்கு அகலமாக இருக்க வேண்டும்.

ஏன் இந்தக் கோணல்?

அன்றைய இந்தியத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள்; ஆக, விநாடிக்கு 15,625 கோடுகள். அன்றைய அமெரிக்க முறையில் 525 கோடுகள், விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். தொலைக்காட்சியை எண்களாக மாற்ற முனைந்தபோது, இரு முறைகளுக்கும் பொதுவான ஓர் அளவு தேடினார்கள். 1982இல் வகுக்கப்பட்ட சர்வதேசப் பரிந்துரையின்படி, விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை ஒளியளவை எடுப்பது என்று முடிவாயிற்று. 15,625ஐ 864ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக அந்த எண்ணே வரும்.

இதனால் இரு முறைகளிலும் ஒரு கோட்டில் 720 பிக்சல்கள் அமைந்தன. ஆனால் படம் தாங்கும் கோடுகள் நம் முறையில் 576. அவர்கள் முறையில் ஏறத்தாழ 480. திரையின் வடிவமோ ஒன்றுதான். எனவே நம் பிக்சல் அகன்றது; அவர்களுடையது ஒடுங்கியது. கருவிகள் பொதுவாக இருக்க, சதுரத்தை விட்டுக்கொடுத்தார்கள் எனலாம். வி.சி.டி. இந்த அளவில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொண்டது.

மென்பொருளின் வேலை

வி.சி.டி.யை ஓட்டும் மென்பொருளுக்கு இந்த விகிதம் தெரியும். 352ஐ 384ஆக விரித்துக் காட்டிவிடும். தனிப்படமாகச் சேமிக்கும்போது விகிதம் விடுபட்டுப் போகலாம். கணிப்பொறித் திரையின் பிக்சல்கள் சதுரமானவை. ஆகவே மணமக்கள்கூட ஒல்லியாக, நெடிதாகத் தெரிவார்கள்!

திருத்துவது எப்படி? பதினொரு பிக்சல்களைப் பன்னிரண்டாக்க வேண்டும். ஒன்றை அப்படியே இருமுறை இடுவது எளிது. ஆனால் சாய்ந்த விளிம்புகள் படிக்கட்டுப்போல் உடையும். அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களின் மதிப்பைத் தக்க விகிதத்தில் கலந்து புதியதைக் கணக்கிட்டால் படம் சீராக இருக்கும், சிறிது மங்கும்.

அளப்பதற்கோ படத்தை விரிக்கவே வேண்டாம். குறுக்கே ஒரு மீட்டருக்கு 220 பிக்சல் என்றால், நெடுக்கே 220 × 12/11 = 240. இனி 188 ÷ 240 = 0.783 மீட்டர். முடுக்கம் 9.79! மாணவிகளின் முகம் மலர்ந்தது.

வானிலிருந்து ஒரு பார்வை

இது ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. 1972இல் ஏவப்பட்டு, பின்னர் லேண்ட்சாட் 1 எனப் பெயர் பெற்ற செயற்கைக்கோளின் படங்களில், ஒரு பிக்சல் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 57 மீட்டரையும், வடக்கு தெற்காக 79 மீட்டரையும் குறித்தது. 185 கிலோமீட்டர் சதுர நிலம் ஏறத்தாழ 3,240 பிக்சலும் 2,340 வரிசையுமாகப் பதிவாயிற்று. சதுரப் பிக்சலாகக் காட்டினால் வட்டமான ஏரியும் பக்கவாட்டில் நீண்டுவிடும். இவ்வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்களை ஐதராபாத் அருகேயுள்ள ஷாத்நகர் நிலையம் நேரடியாகப் பெற்றது.

அத்தகைய படத்தில் மத்திகிரி கால்நடைப் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில் 100 பிக்சல்களை எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 111 ஏக்கர். பிக்சலை 79 மீட்டர் சதுரமாகக் கொண்டாலோ 154 ஏக்கர்! இல்லாத 43 ஏக்கரில் எந்த மாடு மேயும்?

இன்றைய கைப்பேசிக் கேமராக்களின் பிக்சல் பெரும்பாலும் சதுரமே. ஆயினும் எங்கிருந்தோ வந்த படத்தில் எதையும் அளக்குமுன், அதிலுள்ள வட்டமான பொருளொன்றைத் தேடுங்கள். நேருக்கு நேர் தெரியும் வளையலோ நாணயமோ போதும். குறுக்கேயும் நெடுக்கேயும் பிக்சல்களை எண்ணுங்கள். இரண்டும் சமமானால் அளக்கலாம். இல்லையேல் முதலில் விகிதத்தைக் காணுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு படத்தில் குறுக்கே 704 பிக்சல், 576 வரிசைகள். அது 16 : 9 அகலத்திரையை முழுதும் நிரப்ப வேண்டும். ஒரு பிக்சலின் அகலம் உயரத்தைப்போல் எத்தனை மடங்கு?

(விடை: 16/11)