ஆயில் விளக்கும் சென்சார் மீது விழும் பழியும்

‘ஆயில் விளக்கு எரிந்தால் சென்சார் போய்விட்டது என்று பொருள், ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டலாம்’ என்னும் வார்த்தை, நார்த்தாமலை போன்ற கருங்கல் வட்டாரங்களில் ஹிட்டாச்சி ஓட்டிப் பிழைப்பவர்களிடையே ஓர் ஆப்தவாக்கியத்தின் அந்தஸ்தைப் பெற்றிருக்கிறது. இந்த நம்பிக்கை முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றோ மறைந்திருக்கும். கல் தூசியும், பிரேக்கர் பாறையை உடைக்கும்போது யந்திரம் முழுவதும் பரவும் அதிர்வும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்து சென்சாரையும் அதன் கப்ளரையும் அடிக்கடி கெடுப்பது உண்மையாதலால், இந்த யோசனை சில சமயம் பலித்துவிடுகிறது. பலித்த சமயங்களே நினைவில் நிற்கின்றன. பலிக்காத சமயத்திலோ, கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லியதாக நின்று, ஒன்றையொன்று தொடவிடாமல் காத்து வந்த எண்ணெய்ப் படலம் அற்றுப்போய், சில நிமிஷங்களுக்குள் உலோகம் உலோகத்தை உரசி உருகிப் பிடித்துக்கொள்கிறது. சென்சாருக்கு ஆகும் செலவு ஆயிரங்களில். என்ஜினுக்கு ஆகும் செலவு லட்சங்களில். மாதத் தவணை கட்டி ஒரேயொரு யந்திரத்தை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் எத்தகையது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகையால் விளக்கு எரிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கி என்ஜினை உடனே நிறுத்துவதே முறை. இங்கே இன்னொரு நம்பிக்கை குறுக்கிடுகிறது: டர்போ உள்ள என்ஜினைச் சில நிமிஷம் ஐடிலிங்கில் ஓடவிட்ட பிறகே நிறுத்த வேண்டும் என்பது. வேலை முடிந்து யந்திரத்தை நிறுத்தும் சாதாரண நாளில் அது மிக நல்ல வழக்கம். சூடேறிய டர்போவின் பேரிங்கை ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய் குளிர்விக்கிறது. ஆனால் எண்ணெயே போய்ச் சேராத வேளையில் ஓடவிடும் ஒவ்வொரு விநாடியும் டர்போவுக்கும் கிராங்குக்கும் கேடு செய்யுமே தவிர, எந்த உபகாரமும் செய்யாது.

‘ஸ்டிக்கில் ஆயில் நிறைய இருக்கிறது, பிரஷர் எப்படிக் குறையும்?’ என்று கேட்பவர்கள் பலர். மட்டம் வேறு, அழுத்தம் வேறு. பம்பு உண்டாக்குவது எண்ணெயின் ஓட்டத்தைத்தான். அந்த ஓட்டத்துக்குப் பேரிங்குகளின் குறுகலான இடைவெளி தரும் தடையினால் பிறப்பதே அழுத்தம். ஏர் ஃபில்டரில் சிறு கிழிசல் இருந்தாலும், கருங்கல் தூசியிலுள்ள குவார்ட்ஸ் துகள் உள்ளே புகுந்து, தன்னைவிட மிக மிருதுவான பேரிங் உலோகத்தைத் தேய்த்து அந்த இடைவெளியை அகலமாக்கிவிடும். ஸ்டிக்கில் எண்ணெய் நிறைந்திருக்கும்போதே அழுத்தம் குறையும். மட்டம் முன்பிருந்ததைவிட ஏறியிருந்தால் அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமல்ல. இன்ஜெக்டரின் கசிவு முதலிய காரணங்களால் டீசல் எண்ணெயில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்திருக்கலாம். அவ்வாறே, குவாரியின் செங்குத்தான சரிவில் யந்திரம் சாய்ந்து நிற்கும்போது மட்டும் விளக்கு மின்னினால், அடியிலுள்ள உறிஞ்சு குழாய் எண்ணெயை விட்டுக் காற்றை இழுக்கிறதா என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சமயத்தில் சென்சார் தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது.

இத்தனை சாத்தியங்களுக்கு நடுவே உண்மையைத் தெரிந்துகொள்ளும் வழி மிகப் பழையது. சென்சாரைக் கழற்றி, அதே துளையில் பொருந்தும் இணைப்பின் வழியாக, மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரஷர் கேஜைப் பொருத்திப் பார்ப்பதே அது. அனுமானத்தை விட்டுப் பிரத்தியட்சத்துக்கு வரும் இந்த ஒரு காரியத்துக்கு ஆகும் நேரம் கொஞ்சமே என்றாலும், கேஜ் கைவசம் இல்லை என்ற காரணத்தால் பல மெக்கானிக்குகள் இதைத் தள்ளிவிட்டு நேரே புதிய சென்சாருக்குப் போய்விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பெரும்பாலான டீசல் என்ஜின்களில் சூடான நிலையில், ஐடிலிங்கில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோவும், வேலை வேகத்தில் 3 முதல் 5 கிலோ வரையிலும் அழுத்தம் இருக்கும்; எனினும் அந்தந்த யந்திரத்தின் கையேடு சொல்லும் எண்ணே முடிவானது. காலையில் குளிர்ந்த எண்ணெயோடு பார்த்துவிட்டுத் திருப்தியடைவது போதாது. சித்திரை வெயிலில், பாறையின் அனலும் சேர்ந்துகொள்ளும் பிற்பகலில், எண்ணெய் இளகி அழுத்தம் தாழும் நிலையில் பார்ப்பதே மெய்யான பரிசோதனை. கேஜ் நல்ல அழுத்தத்தைக் காட்டி விளக்கும் எரிந்தால், அப்போது சென்சாரையோ ஒயரையோ தாராளமாகச் சந்தேகிக்கலாம். கேஜும் தாழ்ந்தே நின்றால், என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் பம்பு, ரிலீஃப் வால்வு, பேரிங் என்று உள்ளே தேட வேண்டியதுதான்.

அப்படித் தாழ்ந்து நிற்கும்போது 15டபிள்யூ-40 எண்ணெயை வடித்துவிட்டு, அதைவிடக் கெட்டியானதை ஊற்றி விளக்கை அணைத்துவிடும் வழக்கமும் உண்டு. விளக்கு அணைவது நிஜம். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருப்பதும், கெட்டி எண்ணெய் விடியற்காலை ஸ்டார்ட்டில் மேலே எட்டத் தாமதிப்பதும் அதேயளவு நிஜம்.

இனி மின்சாரப் பக்கம். பழைய யந்திரங்களில் இருந்தது ஒற்றை ஒயர் ஸ்விட்ச். பெரும்பாலும், அழுத்தம் இல்லாதபோது அது பாடியோடு சேர்ந்து விளக்கை எரியச் செய்யும், அழுத்தம் வந்ததும் பிரிந்து அணைத்துவிடும். ஆகவே ஒயரைக் கழற்றி என்ஜின் பிளாக்கில் தொட்டுப் பார்க்கும் உபாயம் அக்காலத்தில் சரியான பரிசோதனையாகவே இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்த மூத்த மெக்கானிக்குகளைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் கம்ப்யூட்டர் பொருத்திய இன்றைய யந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது மூன்று ஒயர் சென்சார். ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, ஒன்று எர்த், மூன்றாவது அழுத்தத்துக்கேற்பச் சுமார் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை ஏறி இறங்கும் சைகையைச் சுமக்கிறது. 24 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு முனையையோ டெஸ்ட் லாம்ப்பையோ இங்கே கொண்டுவந்து தொட்டால், நல்ல நிலையிலுள்ள கன்ட்ரோலரும் பாழாகக்கூடும். மல்டிமீட்டர் ஒன்றே இங்கே கருவி: சாவியை மட்டும் போட்டு என்ஜினை ஓடவிடாமல் பார்த்தால், முதல் ஒயரில் 5 வோல்ட்டும் சைகை ஒயரில் 0.5 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். 5 வோல்ட்டே வரவில்லையென்றால் உடனே கன்ட்ரோலரைப் பழிக்கக் கூடாது. அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படி நேரும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றும்போது மின்னழுத்தம் திரும்புகிறதோ அதைப் பிடிக்க வேண்டும்.

ஜே1939 முறையைப் பின்பற்றும் என்ஜின்களில் திரையில் தோன்றும் எண்ணும் இதே விவேகத்தைச் சொல்கிறது. 100 என்பது என்ஜின் ஆயில் பிரஷரைக் குறிக்கும். அதனோடு 3 அல்லது 4 என்று வந்தால், சைகை ஒயரின் மின்னழுத்தம் எல்லை மீறி ஏறியோ இறங்கியோ இருக்கிறது, அதாவது கோளாறு மின்சாரத்தில். 1 என்று வந்தாலோ, சைகை ஒழுங்காக வந்து, அழுத்தமே ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருப்பதாகக் கன்ட்ரோலர் கருதுகிறது. ‘கோடு வந்தால் சென்சாரை மாற்று’ என்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பதே இல்லை. பூம் மெதுவாக எழும்புகிறது என்று இதே சென்சாரை மாற்றுகிறவர்களும் உண்டு. ஹைட்ராலிக் பம்பின் பிரஷரை அளக்கும் சென்சார்கள் வேறு, அங்கே 20 டன் யந்திரத்தில் 350 கிலோவை ஒட்டிய அழுத்தம் நிலவுகிறது.

சென்சார்தான் கெட்டது என்று முடிவான பிறகும், பழையதைக் கழற்றும்போது கப்ளருக்குள் எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சாரின் உள்ளே கசிந்த எண்ணெய், ஒயரின் இழைகள் வழியே ஏறி நெடுந்தூரம் போயிருக்கலாம். அந்தப் பகுதியைச் சுத்தம் செய்து, பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கப்ளரையே மாற்றி, பிரேக்கர் அதிர்வில் ஒயர் உராயாதபடி பட்டையிட்டுக் கட்டி, கேஜில் பார்த்த எண்ணும் திரையில் தோன்றும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று சூடான என்ஜினில் ஒருமுறை சரிபார்த்த பின்னரே யந்திரத்தை ஆப்பரேட்டரிடம் ஒப்படைக்க வேண்டும்.