ராம் பின்கள் தேய்ந்துவிட்டனவா? எறியும் முன் சோதியுங்கள்

வாழவந்தி போன்ற சேர்வராயன் மலை ஊர்களில், ஈரக்காற்றால் கணினி ராமின் தங்க முலாம் பூசிய பின்களில் கறை படியலாம்.

• மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றுங்கள். பின் கருகியிருந்தாலோ பெயர்ந்திருந்தாலோ மீண்டும் செருகாதீர்கள், மதர்போர்டும் கெடலாம்.

• வெறும் கறையென்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்து உலரவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும்.

• நன்றாக வேலை செய்யும் ஸ்லாட்டில் அந்த ராமை மட்டும் செருகுங்கள்.

• கணினி இயங்கினால் மட்டும் போதாது. ராமைச் சோதிக்கும் இலவச மென்பொருளான மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

• பிழை காட்டினால் வேறு ஸ்லாட்டில் பாருங்கள். அங்கும் ஒரே ஒரு பிழை வந்தாலும் ராமை மாற்றிவிடுங்கள். இல்லையேல் உங்கள் கோப்புகள் சிதையலாம்.