தண்ணீர் ஊற்றும் நாளா, முத்து காயும் நாளா?

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு அம்மை போட்டு ஏழு நாளாகிறது. மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மாமியார். முத்து தெரிவதற்கு முந்தின நாள், ஏழு மாத கர்ப்பிணியான நாத்தனார் வந்திருந்தார். அவனைப் பக்கத்தில் படுக்கவைத்து வெகுநேரம் கதை சொன்னார். அவருக்கும் ஒட்டியிருக்குமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: நாத்தனார் விஷயம்தான் அவசரம். அதனால் கடிதம் கிடைத்ததுமே உங்களிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருப்பவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

சின்னம்மை, முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே மூச்சுக்காற்று வழியாகப் பரவும். எனவே அவருக்கு ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. சிறுவயதில் அவருக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று அவருடைய அம்மாவிடம் கேளுங்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. போடவில்லை, நினைவில்லை என்றால் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் பேச வேண்டும். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இல்லையென்று தெரிந்தால், அதை நேரடியாகத் தரும் ஊசி இருக்கிறது. நோயாளியோடு பழகிய 10 நாளுக்குள் போட வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. கர்ப்பக் காலத்தில் அம்மை வந்தால் நிமோனியா வரை போகலாம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். மருத்துவமனைக்குப் போகுமுன் போனில் சொல்லிவிடட்டும். மற்றக் கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காரக் கூடாது.

இனி மகன். எப்போது பள்ளிக்கு அனுப்பலாம் என்பதற்குத் தண்ணீர்க் கணக்கு உதவாது. எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். பொதுவாக ஐந்திலிருந்து ஏழு நாள் பிடிக்கும். முத்துகள் ஒரே நாளில் வருவதில்லை, தொகுதி தொகுதியாக வரும். தலைமுடியை விலக்கிப் பாருங்கள், அக்குளையும் பாருங்கள். நீர் கோத்த முத்து ஒன்று இருந்தாலும் வீட்டில் இருக்கட்டும். எல்லாம் காய்ந்து, புதிதாக எதுவும் வராமல் இருந்தால் பள்ளிக்குப் போகலாம். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பயம் பெரியம்மை காலத்தது. அதன் பொருக்கில் கிருமி இருந்தது. 1980இல் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட நோய் அது.

வேப்பிலை விரித்துப் படுக்கவைப்பதில் தவறில்லை. ஆனால் குளிக்கவிடாமல் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிக்கட்டும், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அழுக்கு நகம் பட்ட முத்துதான் சீழ் பிடித்துத் தழும்பாகிறது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, இபுபுரூஃபனும் வேண்டாம்.

வீட்டில் இதுவரை அம்மை வராத பெரியவர்கள் இருந்தால் மூன்று வாரம் கவனியுங்கள். பெரியவர்களுக்குக் கடுமையாக வரும். முதல் முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால், வைரஸ் எதிர்ப்பு மாத்திரை நன்றாக வேலை செய்யும்.