கைகூப்பிய கூரைகள்

ஜப்பான் நாட்டின் கிஃபு மாகாணத்தில், மலைகள் சூழ்ந்த ஷோ ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிற்றூர் ஓகிமச்சி. சிரகவாகோ என்னும் மலைப்பகுதியைச் சேர்ந்த இவ்வூரில் குளிர்காலத்தில் ஆளுயரத்திற்கும் மேலாகப் பனி குவிவதுண்டு. அப்பனியைத் தாங்கி நிற்கும் பழைமையான உழவர் வீடுகளே இவ்வூரின் பெருமை.

இவ்வீடுகளின் கட்டடமுறை ‘காஷோ சுகுரி’ எனப்படும். ‘காஷோ’ என்பதற்குக் கூப்பிய கைகள் என்பது பொருள். ஏறத்தாழ 60 பாகை சரிவுடைய புற்கூரையில் பனி நெடுநேரம் தங்குவதில்லை. கூரையின் இருபுறமும் கிழக்கும் மேற்கும் நோக்கியிருப்பதால் காலையும் மாலையும் வெயில் பட்டுப் புல் உலர்கிறது. கூரைச் சட்டங்களில் ஆணிகள் இல்லை. வைக்கோற் கயிறுகளாலும் வளையும் இளமரக் கொம்புகளாலும் அவை பிணைக்கப்படுகின்றன. பனியின் சுமையும் காற்றின் வேகமும் தாக்கும்போது அப்பிணைப்புகள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கின்றன.

வீடே தொழிற்கூடமாகவும் விளங்கியது. மேல்தளங்களில் பட்டுப்புழுக்கள் வளர்க்கப்பட்டன. தரைத்தளத்து அடுப்பின் வெப்பம் மேலே பரவியது. அதன் புகை விட்டங்களிலும் கயிறுகளிலும் படிந்து பூச்சி அரிக்காமல் காத்தது.

புற்கூரையின் ஆயுள் முப்பது, நாற்பது ஆண்டுகளே. பழைய புல்லைக் களைந்து புதிது வேய்வது ஒரு குடும்பத்தால் ஆகும் செயலன்று. எனவே ஊரார் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரண்டு கூரை வேய்வர். ‘யுயி’ எனப்படும் இவ்வழக்கத்தில் கூலி இல்லை. இன்று உதவி பெற்றவர், நாளை அடுத்த வீட்டுக் கூரையில் ஏறி அக்கடனைத் தீர்ப்பார்.

இருபதாம் நூற்றாண்டில் பட்டுத்தொழில் நலிந்தது. ஷோ ஆற்றில் அணைகள் எழுந்தன. 1961இல் முடிவுற்ற மிபோரோ அணையின் நீர்த்தேக்கத்தில் ஊர்கள் சில மூழ்கின. பல குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன, வீடுகள் விலைபோயின. எஞ்சியவற்றையேனும் காக்க எண்ணிய ஓகிமச்சி மக்கள் 1971இல் ஒன்றுகூடி, வீடுகளை ‘விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை’ என்று உறுதி பூண்டனர். அவ்வுறுதிக்குப் பின்னரே, 1976இல் அரசு இவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக ஏற்றது. 1995இல் ஓகிமச்சியையும் அண்டை மாகாணமான தொயாமாவின் அயினோகுரா, சுகனுமா ஆகிய ஊர்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வீடுகளுக்குப் பனியைவிடத் தீயே பெரும்பகை. ஊரெங்கும் நீர்பீய்ச்சும் கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஊரார் முறைவைத்து நாள்தோறும் தீக்காவல் சுற்றி வருகின்றனர். மக்கள்தொகை குறைந்துவிட்டதால், கூரை வேயும் பணியில் இன்று தொழில்முறைக் கலைஞர்களும் வெளியூர்த் தன்னார்வலர்களும் துணைநிற்கின்றனர்.

கல்லால் எழுப்பிய கோட்டை, காப்பார் இன்றியும் நெடுங்காலம் நிற்கும். புற்கூரை அவ்வாறு நில்லாது. ஒவ்வொரு தலைமுறையும் அதில் ஏறிப் புல் அடுக்கவும் கயிறு முடியவும் கற்றாக வேண்டும். கற்பவர் இல்லாத நாளில் வீடும் இல்லை. அழியும் இயல்புடைய அக்கூரையே, காக்கும் கலையை முதியோரிடமிருந்து இளையோர்க்குக் கைமாற்றி வந்திருக்கிறது.