மலிவான பழைய மாண்டலினும் அதன் ஒலியும்

மாண்டலின் என்றவுடன் நம்மவர்க்கு உப்பலபு ஸ்ரீநிவாஸ் அவர்களின் நினைவே முன்னிற்கும். அது தகுதியே. ஆயின், அவர் மேடையில் வாசித்த மின்விசைக் கருவி வேறு. விருதுநகர், சாத்தூர், சிவகாசி முதலிய நம் ஊர்களில் பழைய வீட்டுப் பரண்மேல் கிடந்து, வெள்ளையடிக்கும் நாளில் பழஞ்சாமான்காரர் கைக்குப் போகும் எட்டுத் தந்தி மாண்டலின் வேறு. பின்னதைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். இசை கற்கும் வேட்கையிருந்தும் நல்ல வயலினுக்கோ வீணைக்கோ பொருள் கொடுக்க இயலாத மாணவர் நம்மிடையே பலர் உளர். அவர் கைக்கு எட்டக்கூடிய கருவியொன்று, 'சுருதி நில்லாது' என்னும் ஒரே தீர்ப்பினால் விறகாய்ப் போவதை வாளா பார்த்திருத்தல் எமக்கு இயலவில்லை.

இக்கருவி 18ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரில் இன்றைய வடிவம் எய்தியது. அதன் முதுகு வீணைக்குடம்போலக் குவிந்திருக்கும். அமெரிக்காவில் ஆர்வில் கிப்ஸன் என்பார் வயலினைப்போல் பலகையைக் குடைந்து செய்யும் முறையைக் கொணர்ந்து, 1898இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1892இல் தொடங்கிய சிக்காகோ ஹார்மனி கம்பெனி போன்றவை தட்டை முதுகுள்ள எளிய மாண்டலின்களை ஏராளமாய்ச் செய்து மலிவாய் விற்றன. எவ்வகையாயினும் தந்திகள் நான்கு இணைகளே. அவை மேனாட்டு வயலினுக்குரிய சுருதியில், நொடிக்கு ஏறத்தாழ 196, 294, 440, 659 அதிர்வுகளாக நிற்கும்.

அதன் ஒலியின் கவர்ச்சி யாது? இணையின் இரு தந்திகளும் ஒன்றேபோல் கூட்டப்பட்டாலும் முற்றும் ஒன்றாய் நிற்பதில்லை. ஒன்று 440 அதிர, மற்றது 441 அதிருமாயின், நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். தண்ணீரின்மேல் வெயில் மினுங்குவதுபோன்ற அந்த நடுக்கமே மாண்டலினின் உயிர். மேலும், மீட்டிய ஒலி விரைவில் அவிந்துவிடும். காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுரத்தைக் கேட்டுப் பழகிய கோவிற்பட்டிச் சீமைக் காதுகளுக்கு இக்குறுமை ஒரு வறுமையாகவே முதலில் தோன்றும். இழுத்து நிறுத்த வேண்டிய சுரத்தை இங்கே விடாது மீட்டியே நிறுத்தவேண்டும். மலிவான கருவியில் கீழ்ச்சுரங்கள் மெலிந்தும், நடுச்சுரங்கள் சற்றே மூக்கால் பாடுவார் குரல்போல் முந்தியும் ஒலிக்கும். இதனைக் குறையென்று கூறுவாரோடு நாம் உடன்படோம். சிறிய அறையில் ஒருவர் பாட, உடன் ஒலிப்பதற்கு அவ்வறண்ட தெளிவே பொருத்தம். பாடுவார் குரலை அது விழுங்குவதில்லை.

நம் நாட்டில் விற்ற மலிவு மாண்டலின்கள் பெரும்பாலும் கல்கத்தாவில் செய்யப்பட்டவை. சிவகாசிக்கு அந்நகரோடு மற்றோர் உறவும் உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் தீப்பெட்டித் தொழில் கற்கச் சென்றது கல்கத்தாவிற்கே. அத்தொழிலறிந்தார்க்கு மாண்டலின் பலகையின் வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். குச்சிக்கும் பெட்டிக்குமாக மரத்தடியைச் சுழற்றி ஏடு ஏடாய் உரிப்பர் அல்லவா? அவ்வாறு உரித்த ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாய் ஒட்டியதே ஒட்டுப்பலகை. மாண்டலினின் மேற்பலகை இதனாலாயின் ஒலி அடங்கியே வரும். ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரத்தை அறுத்தெடுத்த ஒற்றைப் பலகையாயின், அது நெடுக்கில் விறைப்பும் எடையில் இலேசுமாக நின்று எளிதில் அதிரும். ஒலித்துளையின் விளிம்பை நோக்கின் உண்மை புலப்படும். மேலே காணும் மரவரி உள்விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒற்றைப் பலகை; அடுக்கடுக்காய்த் தோன்றினால் ஒட்டு. ஆயினும் ஒட்டுப்பலகையை இகழ வேண்டா. அச்சுக்கும் பட்டாசுக்கும் உவந்த நம் வறண்ட காற்று, ஒற்றைப் பலகைக்குப் பகை. அக்கினி நட்சத்திரத்தில் அது பிளக்கும். ஒட்டுப்பலகை அவ்வளவு எளிதிற் பிளவாது.

பழமை ஒன்றே ஒலிக்குச் சிறப்பென்பது பலர் கொண்ட மயக்கம். பில் மன்றோ என்னும் அமெரிக்க இசைவாணர், 1923இல் செய்யப்பட்ட கிப்ஸன் மாண்டலின் ஒன்றை 1940களில் புளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டாலருக்கு வாங்கினார் என்பது புகழ்பெற்ற வரலாறு. அவ்வினத்துக் கருவிகள் இன்று லட்சம் டாலருக்கு மேலும் விலைபோகின்றன. ஆனால் அது புதிதாயிருந்தபோதே விலையுயர்ந்த கருவி. ஐம்பது ஆண்டு கிடந்தமையால் ஒட்டுப்பலகை ஸ்புரூஸ் ஆகிவிடாது. பழமையால் வரும் உறுதியான நன்மை வேறொன்று: வச்சிரம் கொண்டு ஒட்டிய கருவியாயின், வெப்பமும் ஈரமும் காட்டி இணைப்பைப் பிரித்து, மறுபடி ஒட்டலாம். கைதேர்ந்த தச்சர் ஒருவர் போதும்.

இனி, சுருதி நில்லாமை. மாண்டலினின் குதிரை நிலையாய்ப் பதிக்கப்பட்டதன்று. தந்திகளின் அழுத்தமே அதனை நிறுத்துகின்றது. தந்தியனைத்தையும் ஒருங்கே கழற்றியவுடன் அது நகர்ந்து விடும். அறியாதார் மனம்போன இடத்தில் வைத்துத் தந்தி பூட்டுவர். பின்னர் எந்த மெட்டில் விரல் வைத்தாலும் அபசுரமே எழும். பழி கருவியின்மேல் விழும். பரிகாரமோ காசில்லாதது. தலைப்பக்கத்து மேட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுவரை எவ்வளவு தூரமோ, அம்மெட்டிலிருந்து குதிரைவரை அதனினும் மிகச் சிறிதே கூடுதலாக வைத்தல் வேண்டும். பிறகு, பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டி எழும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாகும்வரை குதிரையை மயிரிழை மயிரிழையாய் நகர்த்துக. அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் குதிரையைப் பின்னே தள்ளுக. தாழ்ந்திருந்தால் முன்னே கொணர்க. நாங்கள் சிலர் கூடிச் சீர்செய்த பழைய கருவி ஒன்றில் இதனையும் தந்திகளையுமன்றி வேறெதுவும் மாற்றவில்லை. 'பாடாது' என்று ஒதுக்கப்பட்டிருந்த அது மாலைக்குள் சங்கராபரணத்தின் ஆரோகண அவரோகணத்தை வழுவின்றிக் கூறிற்று.

எனினும் கழுத்துப்பகுதியாகிய தண்டியைக் கண்ணெதிரே நீட்டிப் பாராது வாங்கலாகாது. எட்டுத் தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்குக் குறையாது இழுப்பதுண்டு. அவ்விழுப்பில் வில்லாய் வளைந்த தண்டியைத் திருத்தும் கூலி கருவியின் விலையை விஞ்சும்.

நம் இசைக்கு இன்றியமையாத கமகத்தை இதில் எவ்வாறு காட்டுவது என்பர். இங்கேதான் ஸ்ரீநிவாஸ் அவர்களிடம் கற்கவேண்டியுள்ளது. 1969இல் ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவிற் பிறந்த அவர், ஆறாம் வயதில் தம் தந்தையாரின் மாண்டலினையே எடுத்து மீட்டலானார். செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கராகிய ருத்ரராஜு சுப்பராஜு அவருக்கு ஆசிரியர்; ஆசிரியர்க்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவர் அதனைத் தந்தியில் தேடுவார். கருவியின் பழக்கத்திற்கு அடங்காது குரலின் வழியே சென்றமையால், 1978இல் குடிவாடாவில் அரங்கேறிய அச்சிறுவர் பிற்காலத்தில் இரட்டைத் தந்திகளையே விலக்கி, ஒற்றைத் தந்தி ஐந்து பூட்டிய மின்விசை மாண்டலினைக் கைக்கொண்டார். 2014இல் மறையும்வரை அதுவே அவர் கருவி.

பரண் மாண்டலினுக்கும் அவ்வழியிற் பாதி திறந்திருக்கின்றது. இணைக்கு ஒன்றாக நான்கு தந்திகளைக் கழற்றிவிடின், எஞ்சிய ஒற்றைத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து அசைத்தல் எளிதாகும். முதிய தண்டியின் சுமையும் பாதியாகும். மேற்கூறிய மினுக்கம் போய் ஒலி மெலிவதே அதற்குரிய விலை. கீர்த்தனம் பயில விரும்புவார் அவ்விலையைக் கொடுக்கலாம். மெல்லிசையே போதுமென்பார் எட்டையும் வைத்துக்கொள்வாராக. எதுவாயினும் தந்தி மெல்லியதாகவே இருக்கட்டும். குவிந்த முதுகுள்ள பழங்கருவிக்குத் தடித்த தந்தி எமனே. சித்திரை வைகாசியில் ஓட்டுக் கூரையின் கீழ்த் தொங்கவிடாது, தந்தியைச் சற்றே தளர்த்தி, உறையிலிட்டு, சமையலறைக்கு அப்பாற்பட்ட உள்ளறையில் தரையை அடுத்து வைத்தல் நன்று.