வட்டக்களரியும் நவீன மேடையும்

மட்டக்களப்புக் கிராமங்களிலே கூத்து என்பது ஓரிரவு ஆட்டம் மட்டுமன்று. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என மாதக்கணக்கில் ஊரையே தன்னுள் இழுத்துக்கொள்ளும் தொழிற்பாடு அது. கோயில் முன்றலிலோ வெளியிலோ அமைந்த வட்டக்களரியைச் சுற்றியிருந்து சனங்கள் விடியும்வரை பார்ப்பர். வடமோடிக்குப் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகள். தென்மோடியிற் பாட்டின் இழுவைக்கு இடம் அதிகம்.

இக்கூத்துப் பல்கலைக்கழக மேடைக்குச் சென்ற வரலாறு கவனத்திற்குரியது. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாடகம மரபைக் கொண்டு 'மனமே'யை மேடையேற்றினார். அந்த நாடகம மரபே தமிழ்க் கூத்தின் செல்வாக்குப் பெற்றது என்பதை எம்மவரிற் பலர் அறியார். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தின் பக்கம் திரும்பினார். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1968) என்பன தொடர்ந்தன. மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ஏட்டுக்கல்வியின் உச்சியிலே ஒரு கிராமத்து அண்ணாவியார் ஆசானாக நின்றார் என்பது சிறிய விடயமன்று.

விடியவிடிய ஆடியது ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கியது. பிற்பாட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பாடுவது குறைக்கப்பட்டது. நாற்புறமும் பார்வையாளர் இருக்கும் களரிக்காக அமைந்த ஆட்டக்கோலங்கள், ஒருபக்கப் பார்வையாளருக்கென மாற்றப்பட்டன. நயமும் இருந்தது. களரியிற் கதையே பெரிது. 'இராவணேச'னிலோ தனியொரு பாத்திரத்தின் உள்ளப் போராட்டம் ஆட்டத்தில் வெளிப்பட்டது. அதனை எழுதி இராவணனாகவும் ஆடிய அன்றைய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் 'சங்காரம்' நாடகத்தில் அதே வடமோடி ஆட்டத்தைச் சமூக ஏற்றத்தாழ்வுகளைப் பேசப் பயன்படுத்தினார். அரக்கனை வதைக்கும் அடவு புதிய அரக்கர்களுக்கும் பொருந்தியது!

ஆயின் மேடைக்கு வந்ததே செம்மையான கூத்து, ஊரில் ஆடுவது செம்மையற்றது என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. இதனை ஏற்காத சி. ஜெயசங்கர், 2000களில் சீலாமுனையிலே கூத்தரோடு சேர்ந்து களரியிலேயே கூத்தை மீளுருவாக்கம் செய்ய முயன்றார். பழைய கதைகளிலே பெண்ணும் சாதியும் சித்திரிக்கப்பட்ட விதத்தை ஆடுவோரே கேள்விக்குட்படுத்தினர். கடினமான வழி இதுவே எனினும், கூத்தை அதன் சொந்தக்காரரிடம் விட்டுவைப்பது இதுவே என்பது எமது எண்ணம். பேராதனை முயற்சி இல்லாவிடில் இக்கேள்வியே எழுந்திராது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இன்று எமது பிள்ளைகளிற் பலர் கூத்தைக் காண்பது தமிழ்மொழித்தினப் போட்டியிலேதான். சில நிமிடங்களுக்குள் வரவு, போர், முடிவு எல்லாம் முடிந்துவிடும். அதுவும் இல்லாமற் போவதிலும் இது மேல். ஆனால் கூத்துக் கொப்பியிலே பாட்டும் தருவும் மட்டுமே இருக்கும். ஆட்டமும் தாளக்கட்டும் அண்ணாவியாரின் கையிலும் காலிலும் இருப்பவை. அவரது மத்தளத்தின் முன்னால் இரவிரவாக நின்று பழகியவருக்கே அவை கிடைக்கின்றன.