பிரியாணிக் கடைக்காரர்களே, சோற்றையும் கவனியுங்கள்

திண்டுக்கல் பிரியாணிக் கடைகளில் கறி கெடாமல் பார்த்துக்கொள்ளும் அக்கறை சோற்றுக்குக் கிடைப்பதில்லை. சோற்றில் 'பேசில்லஸ் சீரியஸ்' கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் தம் போட்ட அண்டாவின் சூடு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மதியம் மிஞ்சியதை அண்டாவோடு இரவுக்கு வைக்கவே வேண்டாம். அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். சித்திரை வெயிலில் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

பச்சைக் கறிக்குத் தனிக் கத்தி, தனிக் கட்டை. கறி அலசும் தண்ணீர் தயிர்ப் பச்சடியில் தெறிக்கக்கூடாது. பச்சடி அடுப்பில் ஏறாதது, அதில் விழுந்த கிருமி அப்படியே இலைக்குப் போகும்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் உணவகமொன்றில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனார். ஷவர்மா போடுபவர்கள் உள்கறி வரை வெந்ததா என்று பாருங்கள். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேண்டாம்.

வயிற்றுப்போக்கு உள்ள பணியாளர், அது நின்று 2 நாள் ஆகும்வரை சமையலறைக்குள் வரக்கூடாது. அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுங்கள். சம்பளத்தைப் பிடித்தால் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்.